மொய் நோட்டும் சிங்கப்பூர் காசும்: ஊருக்கு பணம் அனுப்பி நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

எனக்கு ஊரு கீரமங்கலம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தோட கிழக்கு ஓரம், கொஞ்சம் தாண்டுனா பேராவூரணி வந்துரும், அது தஞ்சாவூர் மாவட்டம். தென்னை, பூ, பலா, இதுதான் பொழப்பு. வீடு மாத்தி வீடு ஒரு ஆளு வெளிநாட்டுல இருப்பான், சிங்கப்பூரு, மலேசியா, துபாய், குவைத்துன்னு. நான் 2008ல சிங்கப்பூர் வந்தவன், கட்டட வேலை, இன்னும் இங்கதான் இருக்கேன், இப்ப சூப்பர்வைசர்.

ஊருக்கு நம்ம காசு எப்படி போகுது, போயி என்ன ஆகுதுன்னு நிறைய பேரு கேக்குறாங்க, குறிப்பா புதுசா வேலைத்திறன் டெஸ்ட் அடிச்சுட்டு வர்ற பயலுக. நாங்க நல்லது பண்றேன்னு போயி சொதப்புனது நிறைய இருக்கு, அதையும் சேத்தே எழுதுறேன்.

முதல்ல மொய் விருந்தப் பத்தி சொல்லணும், அது தெரியாம எங்க ஊரு காசு விவகாரம் புரியாது. ஆடி மாசம் வந்தா எங்க பக்கம் பந்தல் போட்டு, கிடா வெட்டி, பத்திரிகை அடிச்சு ஊர் ஊரா கூப்புட்டு விருந்து வைப்பாங்க. கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது, விருந்தே மொய்க்குத்தான். பத்து இருபது பேரு சேந்து ஒரே பந்தல்ல வைக்கிறதும் உண்டு, செலவு கொறையும்ல. வந்தவன் சாப்புட்டுட்டு மொய் எழுதிட்டுப் போவான். இவன் அஞ்சு வருஷத்துக்குள்ள அவன் வைக்கிற விருந்துக்குப் போயி வாங்குனதையும் அதுக்கு மேல கொஞ்சமும் சேத்து திருப்பிப் போடணும். கோடிக்கணக்குல வசூலான விருந்தெல்லாம் நடந்திருக்கு. பத்திரமும் கிடையாது, வட்டியும் கிடையாது, ஒரு நோட்டுதான். அந்த நோட்ட நம்பித்தான் அவ்வளவு காசும் கை மாறுது.

எங்கப்பா எனக்கு ஏஜென்ட் காசு கட்டுனதே அப்படி விருந்து வச்சுத்தான். ரெண்டரை லட்சம் கட்டுனோம், மொய்ல வந்தது போக பத்தாததுக்கு அம்மாவோட தாலிக்கொடி அடகுக்கு போச்சு. அதனால சிங்கப்பூர் வந்து முதல் மூணு வருஷம் நான் அனுப்புன காசுல வீடும் கட்டல நெலமும் வாங்கல, எல்லாம் மொய் திருப்புனதுதான். சாயங்காலம் அப்பா போன் பண்ணுவாரு, "தம்பி, மேலத்தெரு மாமா வீட்டு விருந்து வருது, நமக்கு 2,000 போட்டிருக்காரு, 3,000மா அனுப்பிரு"ன்னு. அப்ப எனக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 18 சிங்கப்பூர் டாலரு, ஒரு டாலரு 30 ரூபாய்க்கு பக்கம் இருந்துச்சு, ஓவர்டைம் இல்லாத மாசம்லாம் அந்த போன எடுக்கவே பயமா இருக்கும். இப்ப டாலரு 65ஐ தாண்டிருச்சு, ஆனா ஊர்ல சிமெண்ட் மூட்டையும் அதுக்குத் தக்கன ஏறிருச்சு.

அனுப்புற வழி பத்தி. அந்தக் காலத்துல ஞாயித்துக்கிழமைன்னா தேக்காவுல, அதான் இங்க உள்ள லிட்டில் இந்தியா, செராங்கூன் ரோட்டுல, பணம் அனுப்புற கடை வாசல்ல கியூ நிக்கும். கியூல நிக்க சோம்பேறித்தனம் பட்டும், ரேட்டு கொஞ்சம் கூட கெடைக்குதேன்னும் உண்டியல்ல போட்டவங்க நெறைய பேரு, நானும் போட்டிருக்கேன். உண்டியல்னா தெரியும்ல, இங்க ஒருத்தன்ட்ட டாலரக் குடுத்தா அங்க ஒருத்தன் வீட்டு வாசல்ல வந்து ரூபாயக் குடுத்துட்டுப் போவான். 2010 தீபாவளிக்கு முன்ன நான் குடுத்த 1,200 டாலரு ஊரு போய்ச் சேரவே இல்ல. அந்த ஆளு போன் சுவிட்ச் ஆப். ரசீது இல்ல, போலீஸ்ல சொன்னா நீ ஏன் அவன்ட்ட குடுத்தன்னு நம்மளத்தான் கேப்பாங்க. ஆறு மாச ஓவர்டைம் அது. லைசென்ஸ் உள்ள கடை, இல்லன்னா பேங்க் ஆப், இதத் தவிர வேற எதுலயும் போடாதீங்க. 2023 பிப்ரவரியில போன்லயே பணம் அனுப்புற இங்க உள்ள பேநவ்வையும் நம்மூரு யூபிஐயையும் இணைச்சுட்டாங்க, ஆரம்பத்துல ஒரு நாளைக்கு 1,000 டாலரு வரைக்கும்னு வச்சாங்க, நம்ம தேவைக்கு அதுவே ஜாஸ்தி. எந்த வழியில அனுப்புனாலும் கட்டணத்த மட்டும் பாத்து ஏமாறாதீங்க, "சார்ஜ் ஜீரோ"ன்னு போட்டுட்டு ரேட்டுல புடுங்கிருவான், வீட்டுக்கு கடைசியா எத்தன ரூபா போய்ச் சேருதுன்னு மட்டும் பாருங்க.

அப்புறம் அக்கவுண்ட். வெளிநாட்டுல வேலைக்கு வந்துட்டா ஊர்ல உள்ள சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட அப்படியே வச்சிருக்கக் கூடாது, என்ஆர்ஓவா மாத்தணும், இங்கருந்து போற காசுக்கு என்ஆர்இ தொறக்கணும், ரெண்டும் வெளிநாட்டுல இருக்குற இந்தியருக்கான அக்கவுண்ட். என்ஆர்இ வட்டிக்கு அங்க வரி கிடையாது, என்ஆர்ஓ வட்டியில 30 சதவீதத்துக்கு மேல புடிச்சுருவாங்க. நாலு வருஷம் கழிச்சு லீவுல போனப்ப பேங்க்ல ஒரு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் எவனும் சொல்லல, ஏஜென்ட் மூச்சே விடல.

இது நம்ம தலைமுறையோட கதை மட்டும்னு நெனைக்காதீங்க. எங்களுக்கு தெக்க செட்டிநாடு, அங்கருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவங்க காசுதான் அந்தப் பெரிய பெரிய வீடு பூராவும். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937ல ஆரம்பிச்சப்ப காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல தொறந்தாங்க, அடுத்து பினாங்கு. காரைக்குடியும் ரங்கூனும் ஒரே மூச்சுல, யோசிச்சுப் பாருங்க.

இப்ப மெயின் விஷயம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். ரெண்டு நாளா ஒருத்தர் போனும் போகல. மூணாம் நாள் சித்தப்பா மகன் டவர் கெடைக்கிற எடத்துக்கு பைக்குல போயி கூப்புட்டான், "அண்ணே, தோப்பே இல்லண்ணே"ன்னான். எங்க தோப்புல 140 மரம், நின்னது 11. எங்கப்பா வச்ச மரம். அன்னைக்கு இங்க டார்ம்ல, அதான் நாங்க தங்குற தொழிலாளர் விடுதியில, ஒருத்தனும் சமைக்கல.

அந்த வாரமே வாட்ஸ்ஆப் குரூப் போட்டு 62 பேரு சேந்து 4 லட்சத்து 80 ஆயிரம் அனுப்புனோம். தார்ப்பாய், மெழுகுவத்தி, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து டேங்குல தண்ணி ஏத்துறது. கரண்டு வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் அந்த ஜெனரேட்டர்தான் ஊருக்கே தண்ணி குடுத்துச்சு, அதுல சந்தேகமே இல்ல. சர்க்காரு வண்டி வர்றதுக்கு முந்தி எங்க காசு வந்துச்சுன்னு இன்னமும் ஊர்ல சொல்லுவாங்க.

ஆனா சண்டையும் அங்கதான் ஆரம்பிச்சுச்சு. காசு பூராவும் ஒரே பங்காளியோட சொந்த அக்கவுண்டுக்கு அனுப்பிருந்தோம். மூணு மாசம் கழிச்சு கணக்கு கேட்டா 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு சொன்னான், 70,000த்துக்கு பில்லு இல்ல. அவன் திருடன் கிடையாது, எனக்கு நல்லாத் தெரியும், நடுராத்திரி கேன்ல டீசல் வாங்குனவன் பில்லுக்கு எங்க போவான்? ஆனா 70,000ன்னா இங்க ஒருத்தனுக்கு ரெண்டு மாச சம்பளம். குரூப்ல ஒருத்தன் ஒரு வார்த்தைய விட்டான், அவன் பதிலுக்கு விட்டான், குரூப்பு ரெண்டாச்சு, என் சொந்த மச்சான் ஒருத்தர் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பங்காளி வீட்டு வாசப்படி மிதிக்கல. நல்லது பண்ணப் போயி ஒரு ஒறவு போச்சு.

அதுக்கடுத்த வருஷம், 2019, பேராவூரணி பெரிய குளத்த தூர் வாருனாங்க, 564 ஏக்கரு. துபாய்ல ஐடி வேலை பாத்துட்டிருந்த நிமல் ராகவன் புயல் சமயத்துல ஊர்ல இருந்தவரு, அப்படியே வேலைய விட்டுட்டு அந்தப் பக்க இளைஞர்களோட சேந்து எறங்குனாரு, கைஃபான்னு விவசாயிகள் சங்கம், உள்ளூர் ஆளுக காசு, வெளிநாட்டு ஆளுக காசு எல்லாம் சேந்துச்சு. அதப் பாத்துட்டு எங்க ஊர்லயும் கை அரிச்சுச்சு. போர்வெல் ஆழம் ஆயிரம் அடிய நெருங்கிக்கிட்டு இருந்துச்சு, கொளத்துல கருவேலம் காடா மண்டிக் கெடந்துச்சு, கொளத்துக்கு தண்ணி வர்ற வரத்து வாரி எங்க இருக்குன்னே சின்னப் பயலுகளுக்குத் தெரியாது.

காசு குடுக்குறோம்னு சொன்னோம், ஆனா முன்ன மாதிரி யாரும் கை தூக்கல. கஜா கணக்கு கண்ணு முன்னாடி நிக்குதுல்ல. அப்ப எங்க அப்பத்தாதான் வழி சொல்லுச்சு, அது 80 வயசுல போன ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு, "ஏண்டா, மொய்ல ஒத்த ரூபா கொறஞ்சா விடுறீகளா? இதையும் மொய்யா எழுதுங்கடா. மொய் எழுதுற வாத்தியார கூப்புடுங்க"ன்னுச்சு.

வாத்தியாருன்னா ரிட்டயர்டு ஆன பள்ளிக்கூட வாத்தியாரு, எங்க சுத்துவட்டார விருந்துல பாதி நோட்டு அவரு கையெழுத்துதான். அவரு சரின்னாரு, ஆனா கண்டிஷன் போட்டாரு. காசு என் கைக்கு வரக்கூடாது, நோட்டு மட்டும்தான் என் கையில. மூணு பேரு பேருல ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட், அதுல ஒருத்தர் எதிர் கோஷ்டி ஆளா இருக்கணும். எதிர் கோஷ்டின்னு சொன்னது சிரிப்பா இருந்தாலும் அதுதான் எல்லாத்தையும் காப்பாத்துச்சு, ஏன்னா அவரு கையெழுத்து போட்டுட்டா அப்புறம் ஊர்ல எவனும் வாய் தொறக்க முடியாது. வாராவாரம் ஞாயித்துக்கிழமை காலையில டீக்கடையில உக்காந்து வரவு செலவ சத்தமா படிப்பாரு, மொய் படிக்கிற ராகத்துலயே. "சிங்கப்பூர், மேலத்தெரு, இன்னார் மகன் இன்னார், ரூபாய் அஞ்ஞ்சாயிரம்." அத ஒரு பய வீடியோ எடுத்து குரூப்ல போட்டுருவான், நோட்டுப் பக்கத்தையும் போட்டோ புடிச்சு போட்டுருவான். இங்க டார்ம்ல பங்க் பெட்டுல படுத்துக்கிட்டு தன் பேரு வர்ற வரைக்கும் முழுசா கேட்டுட்டு இருப்பானுக. போடாதவன் பேரு வராதுல்ல, அந்த வெக்கத்துலயே அடுத்த வாரம் பத்து பேரு போட்டானுக.

மிஷினு கணக்குலதான் எங்கயும் காசு ஒழுகும். மண்ணு அள்ளுற ஹிட்டாச்சி மிஷினுக்கு மணிக்கணக்குல வாடகை, அப்ப மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். "இன்னைக்கு எட்டு மணி நேரம் ஓடுச்சு"ன்னு டிரைவர் சொன்னா எட்டுதானா ஆறா யாருக்குத் தெரியும்? மிஷின்ல மணி மீட்டர் ஒண்ணு இருக்கும், காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு போட்டோ, சாயங்காலம் நிறுத்தும்போது ஒரு போட்டோ, ரெண்டையும் குரூப்ல போடணும்னு வச்சோம். முதல் மூணு நாள்லயே தெனம் ஒரு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் வந்து மிஷின்காரர் தானா தணிஞ்சாரு. இத மட்டும் எவனாச்சும் குளம் வெட்டப் போறீங்கன்னா மறந்துராதீங்க.

அனுமதி வாங்காம மண்ணுல கை வச்சுறாதீங்க. ஆயக்கட்டு, அதாவது அந்தக் கொளத்துத் தண்ணி பாயுற நெலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (அப்ப அது பொதுப்பணித்துறையில இருந்துச்சு), கொறைவா இருந்தா பஞ்சாயத்து யூனியன், எது யாருதுன்னு முதல்ல கேளுங்க. வண்டல் எடுக்குறதுக்கு தனி மனு. அது இல்லாம ஒரு டிராக்டர் மண்ணு வெளிய போனாலும் மண்ணு கடத்துறான்னு வண்டிய புடிச்சுருவாங்க, சங்கத்துப் பேரு நாறிப் போகும். எங்களுக்கு அந்த மனுவுக்கே ரெண்டு மாசம், ஹிட்டாச்சி ஓடுனது 19 நாளு.

அந்த ஐப்பசி மழையில கொளம் நெறஞ்சப்ப எனக்கு லீவு கெடைக்கல. வீடியோ கால்லதான் பாத்தேன், சைட்ல ஒன்பதாவது மாடியில நின்னுக்கிட்டு, ஹெல்மெட்டோட. அப்பா போன தண்ணிக்கு நேரா காட்டிக்கிட்டே பேசாம நின்னாரு, நானும் பேசல, பின்னாடி மேஸ்திரி கத்துறது மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு.

அடுத்த சொதப்பல் பள்ளிக்கூடம். கொளத்துல ஜெயிச்சதும் தலைக்கு ஏறிருச்சு. ஸ்மார்ட் கிளாஸ்னு 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு புரொஜெக்டரு, ஸ்கிரீனு, இன்வெர்ட்டரு, ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்து குடுத்தோம். ஒன்றரை வருஷத்துல பேட்டரி செத்துச்சு, புரொஜெக்டரு திருடு போயிரும்னு பீரோல வச்சு பூட்டிட்டாங்க. 2022ல லீவுல போனப்ப ஒரு டீச்சர்ட்ட கேட்டேன், அந்தம்மா தயங்கித் தயங்கி, "சார், நீங்க கேட்டிருந்தா கக்கூஸ் கழுவ ஒரு ஆளுக்கு சம்பளம் கேட்டிருப்போம் சார், பொம்பளப் புள்ளைங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருக்குதுங்க"ன்னாங்க. எனக்கு அந்த எடத்துலயே முகம் தொங்கிப் போச்சு. நாங்க ஒருத்தனும் கேக்கலையே. எங்களுக்கு என்ன ஆசையோ அத வாங்கிக் குடுத்துருக்கோம், போட்டோவுக்கு நல்லா இருந்துச்சு.

இப்ப 40 பேரு மாசம் ஆளுக்கு அஞ்சு டாலரு போடுறோம், 200 டாலரு, 13,000 ரூபாய்க்கு கொறையாம போகுது. அதுல கழிவறைக்கு ஒரு அக்கா, சாயங்காலம் பாடம் சொல்லித் தர ஒரு பொண்ணு, பிஎட் முடிச்சுட்டு வீட்டுல இருந்தவ, அவளுக்கு சம்பளம். ரிப்பன் கிடையாது, கல்வெட்டு கிடையாது, அதனாலயே சில பேரு குரூப்ப விட்டுப் போயிட்டாங்க. கட்டடத்துக்குன்னா குடுப்பானுக, சம்பளத்துக்குன்னா குடுக்க மாட்டானுக, நம்மாளுகளோட வியாதியே இதுதான்.

இன்னொண்ணு, இதச் சொன்னா ஊர்ல சில பேருக்கு கோவம் வரும், பரவால்ல. எங்க காசு முதல் நாலு வருஷமும் எங்க தெருக்களுக்குள்ளயேதான் சுத்துச்சு. வெளிநாடு போனவன் எவன்? ஏஜென்டுக்கு கட்ட அடகு வைக்க நெலமோ நகையோ இருந்தவன், மொய் விருந்து வச்சா வந்து எழுத ஆளு இருந்தவன். காலனியில அது ரெண்டும் இல்லாத வீடுதான் அதிகம், அதனால அங்கருந்து வந்தவன் கொறைவு, அதனால குரூப்ல அவங்களுக்கு குரலும் இல்ல. நம்ம காசு வரவர ஊர்ல நெலம் விலை ஏறி, வெளிநாட்டு ஆள் இல்லாத வீடு அரைக்காணி வாங்க முடியாத நெலமை வேற. கொளத்து வேலை முடிஞ்சப்ப அந்தப் பக்கத்து ஆயா ஒண்ணு வாத்தியார்ட்ட கேட்டிருக்கு, "சிங்கப்பூரு காசுக்கு எங்க தெருவுக்கு வர வழி தெரியலையாங்கய்யா?" வாத்தியாரு அதையும் அந்த வாரம் டீக்கடையில சத்தமா படிச்சுட்டாரு, வரவு செலவு படிக்கிற மாதிரியே. குரூப்ல ரெண்டு நாளு ஒருத்தனும் மெசேஜ் போடல.

அப்புறம்தான் நமக்கு நாமே திட்டம் பத்தி தேடுனோம். மக்கள் மூணுல ஒரு பங்கு கட்டுனா மிச்சத்த அரசாங்கம் போடும், ஆதிதிராவிடர் பகுதி வேலைக்கு அஞ்சுல ஒரு பங்கு கட்டுனா போதும். 1 லட்சம் டிடி எடுத்து கட்டுனோம், 5 லட்சத்துக்கு அங்க சிமெண்ட் ரோடும் வாய்க்காலும் வந்துச்சு. நாங்க தனியா ஆடிக்கிட்டு இருந்தத விட இதுல காசு அஞ்சு மடங்கா வேலை செஞ்சுருக்கு. மெக்சிகோவுல இத பெரிய அளவுல பண்ணாங்க, அமெரிக்காவுல உள்ள ஊர்ச் சங்கம் ஒரு டாலரு போட்டா மத்திய, மாநில, உள்ளூர் அரசாங்கம் ஆளுக்கு ஒரு டாலரு போடும்னு, சகாதேகாஸ் மாநிலத்துல ஆரம்பிச்சு 2002ல நாடு முழுக்க கொண்டு போனாங்க. அங்கயும் இதே கதைதான், சங்கம் இருக்குற ஊருக்குத்தான் காசு போச்சு, ரொம்ப ஏழ்மையான ஊருல சங்கமே இல்ல.

சட்டத்துல ரெண்டு எடத்துல மாட்டப் பாத்தோம், சொல்லிடுறேன். ஊர் வேலைக்குன்னு டிரஸ்ட் பதிவு பண்ணதும் இங்க சிட்டிசன் ஆகிட்ட ரெண்டு அண்ணன்மாரு பெருசா போடுறேன்னாங்க. ஆடிட்டர் நல்ல வேளை தடுத்தாரு. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவன் தன் சம்பாத்தியத்துல பேங்க் வழியா குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பாஸ்போர்ட் மாறிருச்சுன்னா வெளிநாட்டுக் குடிமகன் ஆன இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டுக் காசுதான், டிரஸ்டுக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குற எஃப்சிஆர்ஏ அனுமதி வேணும், அதுக்கு அக்கவுண்டே டெல்லியில ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல தொறக்கணும். நம்ம குட்டி டிரஸ்டுக்கு அது ஆகுற காரியமா? அவங்க ரெண்டு பேரையும் கைகூப்பி வேணாம்னுட்டோம். ரெண்டாவது, சிங்கப்பூர்ல பொதுமக்கள்ட்ட வெளிநாட்டு தர்மத்துக்குன்னு வசூல் பண்ண பெர்மிட் வாங்கணும். ஒரு தம்பி ஆர்வக்கோளாறுல டார்ம் கேண்டீன்ல நோட்டீஸ் ஒட்டிட்டான், பதறியடிச்சுப் போயி கிழிச்சோம். தெரிஞ்ச ஊர்க்காரனுக்குள்ளயே வச்சுக்கோங்க.

2020ல கொரோனா. ஏப்ரல்ல டார்ம பூட்டிட்டாங்க, பன்னெண்டு பேரு ஒரே ரூம்ல. அப்ப உலக வங்கி இந்த மாதிரி ஊருக்குப் போற காசு உலகம் முழுக்க 20 சதவீதம் விழும்னு கணக்கு போட்டுச்சு, கடைசியில ரெண்டு சதவீதம் பக்கம்தான் கொறஞ்சுச்சு. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. என் ரூம்ல ஒருத்தன் மூணு வேளையும் டார்ம்ல குடுத்த சாப்பாட்டையே தின்னுட்டு கைச்செலவு காசையும் சேத்து அனுப்புனான். ஆனா ஓவர்டைம் இல்லாம வீட்டுக்கு ஒண்ணுமே அனுப்ப முடியாத பயலுக 14 பேரு எங்க குரூப்ல இருந்தாங்க. வாத்தியாரு கேக்காமலே கொளத்துக் கணக்குல மிச்சம் இருந்த 90,000த்த அந்த 14 வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்தாரு, கடனா, மொய் நோட்டுல எழுதி. ஒரே வருஷத்துல 13 வீடு திருப்பிட்டாங்க. பதினாலாவது வீட்டுல அந்தப் பய அதுக்குள்ள வேலை போயி ஊருக்கே வந்துட்டான், அந்த வரிய வாத்தியாரு அடிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல.

ரிசர்வ் பேங்க் கணக்குப்படி 2023-24ல இந்தியாவுக்கு வந்த காசுல தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம், கேரளாவுக்கு 19.7. நாடு முழுக்க வர்றது வருஷத்துக்கு பத்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இதுல சங்கம், டிரஸ்ட்டுன்னு போறது தூசி. மிச்சமெல்லாம் அம்மா ஆஸ்பத்திரி, தங்கச்சி பீசு, மொய், வீட்டுக்கு கூரை. என் தங்கச்சி நர்சிங் படிச்சதும் இந்தக் காசுலதான், இப்ப கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா, எங்க ஊரு ஆளுக அவகிட்டதான் ஊசி போட்டுக்கிறாங்க. அதையும் ஊருக்கு பண்ணதா எழுதணும்னா அதுக்குன்னு ஒரு நோட்டு கிடையாது.

இந்த ஆடிக்கு லீவுல போயிருந்தேன். வாத்தியாருக்கு கண்ணு மங்கிருச்சு, பக்கத்துல அந்த பிஎட் பொண்ண உக்கார வச்சு நோட்ட பழக்குறாரு, அவளும் அதே ராகத்துல படிக்கிறா, முதல் தடவ கேட்டப்ப டீக்கடையே சிரிச்சுச்சு, இப்ப பழகிருச்சு. கொளத்துல ரெண்டாவது மடையில ஷட்டர் துருப்புடிச்சு தண்ணி ஒழுகுது, 38,000 ஆகும்னு பட்டறைக்காரர் சொல்லிட்டாரு. 21,000 இருக்கு. ஞாயித்துக்கிழமை தேக்காவுல நாலு பேர பாக்கணும், அதுல ஒருத்தர் கஜா கணக்குல கோவிச்சுக்கிட்ட அந்த மச்சான்.